கோடையில் கணித ஆய்வு: எல்லையோர மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையில் கணிதம் படிப்பது, ஆய்வு செய்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தின் கிழக்குப் பாலக்காடு, மூணாறு, வண்டிப்பெரியாறு, ஆந்திரத்தின் சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்திலிருந்துதான் அதிகம் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கெமிஸ்ட்ரி படிக்கும் தோழிக்கு லேப் இருக்கிறது, பிராஜெக்ட் என்றால் என்னவென்று புரிகிறது. கணக்கில் எல்லாவற்றையும் எப்போதோ நிரூபித்து முடித்துவிட்டார்களே! பி.எஸ்ஸி. மாணவி ஆராய்வதற்கு என்ன மிச்சம்?
(மாணவி, கொழிஞ்சாம்பாறை)

வீட்டில் புளியங்கொட்டை இருக்கும், ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். இஷ்டம்போல் குவியல்களாகப் பிரியுங்கள். இப்போது ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு கொட்டை எடுத்து, எடுத்ததையெல்லாம் சேர்த்து ஒரு புதுக் குவியல் வையுங்கள். இது ஒரு படி. இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஆறும் ஒரே குவியலாக இருந்தால் அடுத்தது 5, 1. பிறகு 4, 2. பிறகு 3, 2, 1. அதற்கப்புறம் எத்தனை முறை செய்தாலும் 3, 2, 1 அசையாது. 2, 2, 1, 1 என்று தொடங்கினால் 4, 1, 1. பிறகு 3, 3. பிறகு 2, 2, 2. பிறகு 3, 1, 1, 1. பிறகு 4, 2. ஆறாவது படியில் 3, 2, 1. ஆறு கொட்டையைக் குவியல்களாகப் பிரிக்க மொத்தம் 11 வழி. பதினொன்றும் 3, 2, 1-ல்தான் போய் நிற்கும். எதற்கும் ஆறு படிக்கு மேல் ஆகாது.

ஒரு கொட்டையைக் குறைத்து ஐந்தில் செய்து பாருங்கள். இது எங்கும் நிற்காது. 3, 2 என்பது 2, 2, 1 ஆகி, 3, 1, 1 ஆகி, மறுபடி 3, 2-க்கே வந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஏழில் நான்கு படிச் சுற்று. எட்டில்தான் வேடிக்கை: 4, 2, 2 என்று தொடங்கினால் இரண்டே படியில் திரும்பி வரும் ஒரு சுற்று, 4, 3, 1 என்று தொடங்கினால் நான்கு படியில் திரும்பும் வேறொரு சுற்று. எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுவது எட்டில்தான் முதல்முறை.

இதற்குப் பல்கேரிய சாலிட்டேர் என்று பெயர். 3, 6, 10, 15 போல 1+2+3+… என்று கூட்டி வரும் எண்களில் மட்டும் எப்படித் தொடங்கினாலும் ஆட்டம் ஒரே இடத்தில் போய் நிற்கும் என்பதை பிராண்ட் என்ற கணிதர் 1982-ல் கட்டுரையாக எழுதினார். 1 முதல் k வரை கூட்டிய எண்ணில் அதிகபட்சம் k²−k படி போதும் என்பதை இகுசா 1985-ல் நிரூபித்தார். k = 3 என்றால் 6; மேலே நீங்கள் எண்ணியது அதுதான். k = 4 என்றால், அதாவது பத்துக் கொட்டைக்கு, 12.

இனி உங்கள் வேலை. விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒற்றைக் கொட்டைக் குவியலைத் தொடக்கூடாது என்றால் என்ன ஆகும்? மிகப் பெரிய குவியலிலிருந்து மட்டும் இரண்டு எடுத்தால்? முதலில் 12 கொட்டை வரை கையால் அட்டவணை போடுங்கள். பிறகு பைத்தானில் முப்பது வரி நிரல் எழுதி 30 வரை ஓட்டுங்கள். என்ன நடக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் ஊகம் எழுதி, அதை நிரூபிக்கப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு இதுவே தாராளம்.

பெரும்பாலோர் சறுக்குவது மூன்றாவது கட்டத்தில். 30 வரை சரியாக வருகிறது, ஆகவே எப்போதும் வரும் என்று எழுதிவிடுகிறார்கள். அது கவனிப்பு, நிறுவல் ஆகாது. நீங்கள் கண்டதை ஏற்கெனவே யாரோ எழுதியிருப்பதும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும். இன்னொன்று: நம் பக்கத்துக் கல்லூரிகளில் கிராஃப் லேபிளிங் (புள்ளிகளும் கோடுகளுமான படத்துக்கு ஒரு விதிப்படி எண் இடுவது) பிராஜெக்ட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு லேபிளிங்குக்குப் புதுப்பெயர் சூட்டி, ஏதோ ஒரு வகை கிராஃபுக்கு அது பொருந்துகிறது என்று நான்கு படம் போட்டு முடிப்பது ஆய்வு மாதிரித் தெரியும். உள்ளே கேள்வி இருக்காது. முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

எந்தெந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்? எப்போது? ஏப்ரலில் தேடினால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள்.
(மூன்றாம் ஆண்டு மாணவர், நகரி, இதே கேள்வி சித்தூர், எலப்புள்ளி, அடிமாலியிலிருந்தும்)

ஏப்ரலில் முடிந்துதான் இருக்கும். கோடைக்கான தேடல் செப்டம்பரில் தொடங்க வேண்டும்.

முதலில் வருவது மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாதெமி ஆகிய மூன்றும். விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் கடைசியோடு முடிந்துவிடும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு பேராசிரியரோடு வேலை. உதவித்தொகையும் பயணச் செலவும் உண்டு. வழிகாட்டிகளின் பட்டியலில் சிலரைத் தேர்ந்து குறிக்கச் சொல்வார்கள். எல்லாரும் பெங்களூர், சென்னைப் பெரிய பெயர்களையே குறிப்பதால் நெரிசல் அங்கேதான். அவர்களோடு நம் பக்கத்து நிறுவனங்களில் இருப்பவர் ஒருவரையும் சேர்த்துக் குறியுங்கள்.

இரண்டாவது, எம்.டி.டி.எஸ். எனப்படும் கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம். பேராசிரியர் குமரேசன் 1993-ல் தொடங்கியது. தேசிய உயர்கணித வாரியத்தின் ஆதரவோடு வளர்ந்தது. நான்கு வாரம், மே–ஜூனில். இளநிலை இரண்டாம் ஆண்டிலிருந்தே சேர வழி உண்டு. இங்கே ஆய்வு கிடையாது. ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி ஆகியவற்றை முதலிலிருந்து, கேள்வி கேட்டுக் கேட்டு, கரும்பலகைக்கு உங்களை வரவழைத்துச் சொல்லித் தருவார்கள். எங்கள் கருத்து: முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும், நிறுவல்களை மனப்பாடம் செய்தே வந்தவர்களுக்கும் இரண்டாம் ஆண்டில் இதுதான் முதலில் வேண்டும்; ஆய்வு அடுத்த கோடையில். வரிசையை மாற்றினால் எட்டு வாரமும் வழிகாட்டி சொல்வதைக் குறித்துக்கொண்டு வருவதிலேயே போய்விடும்.

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், ஐஐடிகள், ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள்) ஆகியவையும் கோடையில் மாணவர்களை எடுக்கின்றன. தேதிகள் ஆண்டுக்காண்டு மாறும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாரம் ஒருமுறை அவரவர் தளத்தைப் பார்த்துவிடுங்கள். எல்லையோரத்தில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. பாலக்காடு ஐஐடி கஞ்சிக்கோட்டில், வாளையாறுக்குக் கேரளப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதி ஐஐடி, திருப்பதி ஐசர் இரண்டும் ஏர்ப்பேட்டில்; நகரி, புத்தூர்க்காரர்கள் ரேணிகுண்டா போய் அங்கிருந்து காளஹஸ்தி வழியில் போகலாம். விதுரையில் திருவனந்தபுரம் ஐசர், குன்னமங்கலத்தில் கேரள கணிதப் பள்ளி. அறிவிப்பு வராவிட்டாலும் ஒரு பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். அவருடைய ஒரு கட்டுரையின் முன்னுரையாவது படித்துவிட்டு, பத்து வரிக்குள் எழுதுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் அது பொதுக்கடிதம் என்று நாற்பது பேருமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெற்றவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்பதில் 20,000 கோடைப் பிராஜெக்ட்டுக்கானது. வழிகாட்டியின் சான்றும் அறிக்கையும் தராவிட்டால் அந்தப் பகுதி நின்றுபோகும்.

என் மதிப்பெண் 61 சதவீதம். விண்ணப்பிக்கலாமா?
(மாணவர், வேலந்தாவளம்)

அறிவிப்பில் குறைந்தபட்ச மதிப்பெண் போட்டிருந்தால் அதற்குக் கீழ் அனுப்பிப் பயனில்லை. போடவில்லை என்றால் அனுப்புங்கள். பழைய கேரளக் கணிதரான சங்கமகிராம மாதவன் பெயரில் பட்ட மாணவர்களுக்கு நடக்கும் மாதவா கணிதப் போட்டியை எழுதுங்கள். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழக மதிப்பெண் சொல்லாததை அதில் வாங்கும் மதிப்பெண் சொல்லும்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். 'சிறு வயதிலிருந்தே கணிதத்தில் ஆர்வம்' என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?
(மாணவி, சத்தியவேடு)

தேர்வுக்குழு அந்த வரியை அன்றைக்கே நூறு முறை படித்திருக்கும். அகாதெமி விண்ணப்பத்தில் இடம் சுமார் 250 சொல்தான். அதில் ஆர்வத்துக்கு ஒரு வரிகூட வேண்டாம். மூன்று விஷயம் போதும்: எதை உண்மையாகவே படித்திருக்கிறீர்கள், எதில் சிக்கிக்கொண்டு நிற்கிறீர்கள், அடுத்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும்.

'எனக்கு அல்ஜீப்ராவும் நம்பர் தியரியும் பிடிக்கும், உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்ற விரும்புகிறேன்' என்பதில் தகவல் ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'லாக்ராஞ்ச் தேற்றத்தின்படி, முடிவுள்ள குரூப்பில் உட்குரூப்பின் அளவு குரூப்பின் அளவை வகுக்கும். இதன் மறுதலை பொய் என்பதற்கு நான்கு பொருள்களின் இரட்டை வரிசை மாற்றங்களாலான 12 உறுப்புக் குரூப்பைச் சரிபார்த்தேன். அதில் 6 உறுப்புள்ள உட்குரூப் இல்லை. எந்தக் குரூப்களுக்கு மறுதலை உண்மையாகும் என்று படிக்க விரும்புகிறேன்.' இரண்டாவதை எழுதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வேலை கொடுக்கலாம் என்று தோன்றுகிறதல்லவா? ஒரே ஒரு எச்சரிக்கை: எழுதியதை நேர்காணலில் துருவுவார்கள். அந்த 12 உறுப்புகளையும் எழுதிக்காட்டத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் துறைத்தலைவர் 'நாளைக்கு வா' என்கிறார். கடைசித் தேதி நெருங்கிவிட்டது.
(மாணவர், குப்பம்)

துறைத்தலைவர்தான் தர வேண்டும் என்று பெரும்பாலும் விதியில்லை. உங்களுக்கு வகுப்பெடுத்த, உங்கள் விடைத்தாளைத் திருத்திய ஆசிரியரின் கடிதத்துக்கு எடை அதிகம்; அவர் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாலும் சரி. 'ஒழுக்கமான மாணவர்' என்ற கடிதத்தால் பயனில்லை. நீங்கள் போட்ட ஒரு கணக்கு, கேட்ட ஒரு கேள்வி, செய்த ஒரு செமினார் அதில் வர வேண்டும். ஆசிரியருக்கு நேரமிருக்காது, ஆகவே அரைப்பக்கக் குறிப்பாக அவற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல், உங்கள் கட்டுரை, கடைசித் தேதி, எங்கே பதிவேற்ற வேண்டும் என்பதோடு. மூன்று வாரம் முன்பே கொடுத்துவிட்டு, பத்து நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். சில திட்டங்களில் ஆசிரியருடைய மின்னஞ்சலுக்கே நேரடியாக இணைப்பு போகும். அது ஸ்பேமில் விழுந்து கிடப்பது சர்வசாதாரணம்.

அட்சயா மையத்திலோ மீ சேவாவிலோ (கேரள, ஆந்திர இணையச் சேவை மையங்கள்) விண்ணப்பம் போடுகிறவர்கள் மையத்தின் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் கொடுத்துவிடாதீர்கள். தேர்வான சேதி அங்கே வந்து தூங்கும்.

நானும் என் மனைவியும் எஸ்டேட்டில் வேலை. மகள் கணிதம் படிக்கிறாள். இரண்டு மாதம் வெளியூர் என்றால் கையில் எவ்வளவு வேண்டும்? பாதுகாப்பு எப்படி? சாதிச் சான்றிதழும் இன்னும் கைக்கு வரவில்லை.
(ஒரு தந்தை, வண்டிப்பெரியாறு)

ஐயா, பணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உதவித்தொகையும் பயணப்படியும் பெரும்பாலும் பின்னால்தான் வரும், சில நேரம் திட்டம் முடிந்த பிறகு. ரயில் கட்டணம், முதல் மாதச் சாப்பாடு, விடுதி முன்பணம் ஆகியவற்றைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். தேர்வுக் கடிதம் வந்ததும் மகளே மின்னஞ்சலில் நான்கு கேள்வி கேட்கட்டும்: விடுதி வளாகத்துக்குள்ளா, முன்பணம் எவ்வளவு, மெஸ் கட்டணம் எப்போது, பணம் எப்போது கணக்கில் வரும். முன்பணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பதிலும் தவறில்லை. கேட்டால் பல இடங்களில் வழி செய்கிறார்கள். வங்கிக் கணக்கு மகள் பெயரிலேயே, ஆதாரோடு இணைந்து, செயல்பாட்டில் இருக்க வேண்டும். பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்து அப்படியே கிடக்கும் கணக்கில் பணம் ஏறாமல் திரும்பிப் போகும். டிக்கெட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம், அசல் கேட்பார்கள்.

பாதுகாப்புக்கு, பெண்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிற நிறுவனமாகப் பாருங்கள். சேர்க்கும் நாளில் கூடவே போய் வார்டனைப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னைக்கு என்றால் போடிநாயக்கனூரிலிருந்து ரயில் இருக்கிறது. ஓடும் நாளைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் சிரமம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. பட்டியல் சாதி அந்தஸ்து மாநில வாரியாக 1950-ஆம் ஆண்டு ஆணையை வைத்துப் பார்க்கப்படுவதால், அதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். பழைய எஸ்டேட் பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்தால் நகல் வாங்கி வையுங்கள், மேற்படிப்பு இடஒதுக்கீட்டுக்கு உதவும். ஆனால் மேலே சொன்ன கோடைத் திட்டங்களுக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தேர்வு கல்வித் தகுதியையும் கடிதத்தையும் பார்த்துத்தான்.

அமெரிக்காவில் பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்கென்றே கோடைக் கணித ஆய்வுத் திட்டம் இருப்பதாக அங்கே இருக்கும் உறவினர் சொன்னார். இங்கிருந்து போக முடியுமா?
(ஆசிரியை, பாலக்காடு)

இருக்கிறது. அங்கே இளநிலை மாணவர்களுக்கான கோடை ஆய்வை ஆர்.இ.யூ. என்பார்கள். மினசோட்டா மாநிலம் டுலூத்தில் கேலியன் என்ற பேராசிரியர் 1977-லேயே தொடங்கிவிட்டார். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-ல் ஆர்.இ.யூ.வை நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியது. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் என்று கணிதத்தில் எண்ணிக்கை குறைந்த பிரிவினரை மனத்தில் வைத்து பெர்க்லியில் உள்ள கணித அறிவியல் ஆய்வு நிறுவனம் 2007-ல் ஆறு வாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் இடங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். இங்கிருந்து அதற்காக விசா தேடி அலைய வேண்டாம்.

அந்த அமைப்பை உங்கள் கல்லூரியிலேயே சிறிதாகப் போட்டுப் பார்க்கலாம். அங்கே முதல் ஓரிரு வாரம் ஒரே தலைப்பில் பாடம், பிறகு மூன்று நான்கு பேராகக் குழு பிரித்து குழுவுக்கொரு கேள்வி, கடைசியில் உரையும் அறிக்கையும். ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, ஆறு மாணவர், இரண்டு குழு. தினமும் காலை மூன்று மணி நேரம், ஆறு வாரம். முதலிலேயே பெரிய கேள்வி கொடுக்காதீர்கள். கையால் அட்டவணை போட முடிகிற கேள்வியாக இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழுவில் ஒருவர் பலகையில் நின்று அந்த வாரத்தில் எது தப்பாகப் போனது என்று சொல்ல வேண்டும். வாரம் ஒரு ஆள், இல்லாவிட்டால் வாய் உள்ளவரே பேசிக்கொண்டிருப்பார். விவாதம் தமிழிலோ மலையாளத்திலோ போகட்டும், எழுதுவது ஆங்கிலத்தில். கேரளத்தின் நான்காண்டுப் பட்டப் படிப்பிலும் ஆந்திரத்தின் பட்டப் படிப்பிலும் இன்டர்ன்ஷிப் சேர்ந்தே வருவதால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முடித்த பிறகு போனால் விதி பேசுவார்கள்.

ஐயாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு மாத ஆன்லைன் 'கணித ஆய்வு இன்டர்ன்ஷிப்', சான்றிதழோடு. சேரலாமா?
(மாணவர், சித்தூர்)

வேண்டாம். அந்தப் பணத்தில் திருப்பதிக்கோ சென்னைக்கோ போய் இரண்டு கருத்தரங்கு கேட்டுவிட்டு வரலாம்.

தேர்வாகிவிட்டேன்! ஆனால் ஆங்கிலத்தில் பேச வராது, பிளஸ் டூ வரை தமிழ் வழி. முதல் வாரத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
(மாணவி, மூணாறு)

வாழ்த்துகள். முதல் சந்திப்பில் வழிகாட்டி ஒரு புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்களையோ ஒரு கட்டுரையையோ கொடுத்து, படித்துவிட்டு வா என்பார். முதல் பக்கத்திலேயே ஏழெட்டுச் சொல் புரியாது. அது மொழியால் வருவதல்ல, நகரத்துக் கல்லூரிப் பிள்ளைக்கும் அதே ஏழெட்டுச் சொல் புரியாது. ஒரு நோட்டில் இடப்பக்கம் வரையறையை எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கு ஒரு எடுத்துக்காட்டு, பொருந்தாத ஒன்று. பொருந்தாத எடுத்துக்காட்டு கிடைக்காத வரையறைதான் உங்களுக்குப் புரியாத வரையறை. வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது அதுதான்.

'புரியவில்லை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. 'மூன்றாவது வரியிலிருந்து நான்காவது எப்படி வந்தது' என்று விரலை வைத்துக் கேளுங்கள். அதற்குத் தேவையான ஆங்கிலம் இரண்டு வாக்கியம். மீதியைப் பலகையில் எழுதிக்காட்டலாம். கணிதத்தில் இது குறையே இல்லை.

போவதற்கு முன், கணிதக் குறியீடுகளைத் தட்டச்சு செய்ய உதவும் லேடெக் பழகிவிடுங்கள். அதற்கான ஓவர்லீஃப் இணையதளத்தில் கணக்குத் திறந்து, உங்கள் பாடப்புத்தகத்தின் இரண்டு நிறுவல்களைத் தட்டச்சு செய்தால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். போனில் செய்வது கண்ணுக்குக் கஷ்டம், கல்லூரி லேபில் செய்யுங்கள். அங்கே போனதும் அறிக்கையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து, சனிக்கிழமைதோறும் ஒரு பக்கம். பல்கலைக்கழகத் தேர்வு ஜூனுக்குத் தள்ளிப்போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அட்டவணை வந்த அன்றே வழிகாட்டிக்கும் அலுவலகத்துக்கும் எழுதிவிட்டால் தொடக்கத் தேதியை மாற்றித் தருவார்கள். சொல்லாமல் இரண்டு வாரம் தாமதமாகப் போய் நின்றால் இடமே போய்விடும்.

கிளம்பும் வாரத்தில் முடிப்புச் சான்றிதழும் அறிக்கையின் கையெழுத்திட்ட நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவாரா என்று வழிகாட்டியிடம் நேரிலேயே கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது.